பதினாலாவது கொக்கி

இதில் இருட்டு கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பகலில் நடந்தது. தண்ணீரின் மேல் நடந்தது. பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது.

நடந்தது எனக்கு அல்ல, செல்வலட்சுமிக்கு. அவள் பொய்யே சொல்லாதவள் என்று நான் சொல்லவில்லை. தம்பியைக் காப்பாற்ற அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். ஆனால் இதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதும் எனக்கு.

சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். சாந்தன்பாறையிலிருந்து ஏலத்தோட்டங்கள் வழியாக ஜீப் இறங்கும் பாதையில், மலைகளுக்கு நடுவே ஒரு அணைக்கட்டு ஏரி. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கரையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பலகையில் வரிசையாகப் பதினாலு கொக்கிகள். பதின்மூன்றில் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட் தொங்கும். கடைசிக் கொக்கி காலியாக இருக்கும். அதில் யாரும் எதையும் மாட்டுவதில்லை. மழைக்காலத்தில் குடையைக்கூட.

செல்வலட்சுமியின் வேலை ஏரிக்கு மார்க் போடுவது.

சிரிக்காதீர்கள். டிஜோ என்ற மலையாளி அங்கே ஒரு படகு முகாம் நடத்துகிறார். துடுப்புப் போட்டுப் போகும் சிறிய கயாக் படகுகள். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், ஒரு மணி நேரம் சுற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆனால் மலை ஏரி ஒரே மாதிரி இருக்காது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே ஆறு சீறிக்கொண்டு வந்து விழும். அதனால் தினமும் காலையில் செல்வலட்சுமி தனியாகப் படகில் போய், மூன்று இடங்களில் ஏரியைப் பரிசோதித்து, இன்றைக்கு என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். பச்சை என்றால் எல்லோரும் போகலாம். மஞ்சள் என்றால் நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. அவள் போன் செய்ததும் கரையில் அந்த நிறக் கொடி ஏறும்.

கம்பில் கட்டிய துணி காற்றைச் சொல்லும். தண்ணீரில் போட்ட எலுமிச்சம்பழம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது ஓட்டத்தைச் சொல்லும். தெளிவைச் சொல்வது ஒரு தட்டு. சாதாரண எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, வெள்ளைப் பெயிண்ட் அடித்தது. அதைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவாள். கயிற்றில் கைவீச்சுக்கு ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு இறங்கியும் தட்டு கண்ணுக்குத் தெரிந்தால் பச்சை. அதற்கு முன்பே மறைந்தால் இல்லை.

தெளிவு எதற்கு என்று அவள் முதல் நாளே கேட்டிருந்தாள்.

"தண்ணியில் விழுந்துபோன ஆளை மேலேந்து பார்த்தா தெரியணும்" என்றார் டிஜோ. "அது மதி, அது போதும்."

அவள் பச்சை என்று சொன்னால் முதலில் தண்ணீரில் இறங்குகிறவன் சுடலை. எல்லோரையும் கரையேற்றிவிட்டுக் கடைசியில் ஏறுகிறவனும் அவன்தான். வழிகாட்டி. செல்வலட்சுமியின் ஒரே தம்பி. தேயிலை எஸ்டேட் லயத்தில் அம்மா போன பிறகு அவள் கையில் சோறு தின்று வளர்ந்தவன். அவள் போடும் மார்க்கின் மேல்தான் அவன் உயிர் மிதந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

இரண்டு பேரும் மழைக்காலம் முடிந்துதான் அங்கே சேர்ந்தார்கள். அதற்கு முன் மார்க் போடுவது, வழிகாட்டுவது இரண்டையும் ஜிஜி என்பவன் பார்த்தான். போன சீசன் முடிவதற்குள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு அகளிப் பக்கம் போய்விட்டான். தட்டையும் கயிற்றையும் ஒப்படைக்க ஒரே ஒரு தடவை வந்தான். போகும்போது சொன்னான்.

"மொட்டைக் கட்டை இருக்கிற இடத்தில் தட்டை இறக்கினா உடனே எடுத்திடு. பார்த்துட்டே இருக்க வேண்டா."

மொட்டைக் கட்டை என்பது மூன்றாவது இடம். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் அங்கே தண்ணீருக்குள் நின்றபடியே செத்துப்போயிருந்தன. சிலவற்றின் தலை மட்டும் வெளியே தெரியும். படகு முட்டினால் கவிழும். அதனால் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள்.

அந்த முகாமில் இன்னொரு வழக்கம் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவர்கள் அவரவர் ஜாக்கெட்டை அவரவர் கையாலேயே கழற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். யாரும் தலை எண்ணுவதில்லை. வெளியூர்க்காரர்கள் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒருவர் ஜீப்பில் ஏறிப் படுத்துவிடுவார். எனவே கொக்கிதான் கணக்கு. பதினாலு கொக்கியும் நிறைந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று. கொடியை இறக்கலாம்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. ஏரி டீத்தண்ணீர் நிறத்தில் புரண்டது. ஏழு நாளும் சிவப்பு. ஒரு படகும் போகவில்லை.

நாலாவது நாள் காலையில் செல்வலட்சுமி கொட்டகையைத் திறந்தாள். பதின்மூன்று ஜாக்கெட் எலும்பாகக் காய்ந்து தொங்கின. கடைசிக் கொக்கியில் இருந்தது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அது சுடலையுடையது. ஜிப்பில் மஞ்சள் கோயில் கயிறு ஒன்றை முடிந்து வைத்திருப்பான்.

"எலே, சிவப்புக் கொடியில எவன்கூட தண்ணியில இறங்குன?"

சுடலை பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான். "நானா? சிவப்பு போட்டது நீ. உன்னைய மீறி எறங்க எனக்கென்ன ரெண்டு உசுரா இருக்கு?"

"அப்ப கூரை ஒழுகுதா?"

"ஒழுகுனா பக்கத்து ஜாக்கெட்டு நனையாதாக்கும்? ஒருவேள அது அழுவுதோ என்னவோ. நாலு நாளா வேலயில்லாம தொங்குதுல்ல."

அவள் சிரித்தாள். கூரையைப் பார்த்தாள். ஒழுகவில்லை. ஜாக்கெட்டைக் கையில் எடுத்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முன்னால் இருந்த மூன்று பிளாஸ்டிக் கிளிப் பூட்டும் மாட்டியிருந்தன.

பூட்டு மாட்டியபடி அந்த ஜாக்கெட்டைக் கழற்ற முடியாது. நீங்கள் போட்டிருந்தால் தெரியும். ஒரு ஆள் அதற்குள்ளிருந்து... இல்லாமல் போனால்தான் உண்டு.

அவள் பூட்டுகளை விடுவித்து, பிழிந்து, மாட்டினாள். மறுநாள் காலை அது மறுபடியும் நனைந்திருந்தது. மறுபடியும் மூன்று பூட்டும் மாட்டியிருந்தன. சேறு நாறியது. ஏரியின் மேல்பரப்பில் இல்லாத சேறு, அடியில் கிடக்கும் சேறு.

அதே நாள் அவள் மூன்றாவது இடத்துக்குப் போனாள். எலுமிச்சம்பழத்தைப் போட்டாள். ஆறு தள்ளும் திசையில், அணைப் பக்கம் அது போக வேண்டும். போனது. கொஞ்ச தூரம். பிறகு நின்றது. பிறகு ஓட்டத்துக்கு எதிராக, அவசரமில்லாமல், அவள் படகுக்கே திரும்பி வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

சுழல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தட்டை இறக்கினாள். ஏரி முழுக்கச் சேற்றுத் தண்ணீர். மற்ற இரண்டு இடத்திலும் ஒரு முழம் இறங்குவதற்குள் தட்டு மறைந்திருந்தது. இங்கே ஒரு முடிச்சு இறங்கியது. தெரிந்தது. இரண்டு. தெரிந்தது. மூன்று, நாலு... தட்டு வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. மொட்டைக் கட்டைகளைச் சுற்றி, ஒரு முற்றம் அளவுக்கு, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மரங்களின் உடம்பு அடிவரை தெரிந்தது.

அவ்வளவு மழைக்குப் பிறகு அவ்வளவு தெளிவு.

ஜிஜி சொன்னது நினைவுக்கு வந்தது. வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கும் சிவப்பு என்றே சொன்னாள். ஓட்டம் அதிகம் என்றாள்.

ஏழாவது நாள் மழை விட்டது. எட்டாவது நாள் காலை வெயில் வந்தது. பாலக்காட்டிலிருந்து ஒரு வங்கிக்காரர்கள் குழு வந்து இறங்கியது. பதின்மூன்று பேர். சுடலையோடு பதினாலு.

"செல்வி, இன்னைக்கு நல்லதா ஒரு நிறம் சொல்லணும் கேட்டோ" என்றார் டிஜோ. "ஏழு நாளா ஏரி சும்மா கிடக்கு. இனியும் சிவப்புன்னா நான் பூட்டிட்டுப் போயிடுவேன். உங்க ரெண்டு பேருக்கும் வேற ஜோலி பாருங்க."

கொட்டகையில் அந்த ஜாக்கெட் அன்றும் நனைந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் பிழிந்து மாட்டிவிட்டு அவள் படகில் ஏறினாள்.

முதல் இடம். காற்று இல்லை. ஓட்டம் இல்லை. தட்டு இரண்டு முடிச்சுக்குத் தெரிந்தது. பச்சை.

இரண்டாவது இடம். அதுவும் பச்சை.

மூன்றாவது இடம். அங்கே பறவைச் சத்தம் இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் நீர் மட்டும். டப். டப். வெயில் அடித்தது. ஆனால் அந்த இடத்தில் படகின் அடிப்பலகை சில்லிட்டது.

தட்டை இறக்கினாள். மூன்று முடிச்சு. ஐந்து. ஏழு. தட்டு நிலா மாதிரி கீழே போய்க்கொண்டே இருந்தது. கயிற்றின் கடைசி முடிச்சு கைக்கு வந்தது. இன்னும் தெரிந்தது.

இழுக்கலாம் என்று நினைத்தாள்.

கயிறு வரவில்லை.

கட்டையில் மாட்டியிருக்கும். லேசாக ஆட்டினாள். கயிறு தளர்ந்தது. பிறகு இறுகியது. பிறகு... கீழே இருந்து ஒருமுறை மெல்ல இழுத்தது. கதவைத் தட்டுவதுபோல.

அவள் குனிந்து பார்த்தாள்.

தட்டு இருந்தது. வெள்ளையாக, வட்டமாக.

அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

அதே அளவு. அதே வெள்ளை. முதலில் தட்டின் நிழலோ என்று நினைத்தாள். நிழல் வெள்ளையாக இருக்காது.

அது மெதுவாகத் திரும்பியது.

மேலே பார்த்தது.

கயிற்றை விட்டுவிட்டாள். அது சர்ரென்று தண்ணீருக்குள் போய் மறைந்தது. துடுப்புப் போட்டது நினைவில்லை. கரை வந்தபோதுதான் மூச்சு வந்தது.

"சிவப்பு" என்றாள் டிஜோவிடம்.

"காற்று?"

"இல்ல."

"ஓட்டம்?"

"இல்ல சேட்டா."

"தட்டு எத்தனை தெரிஞ்சது?"

அவளால் பொய் சொல்ல முடிந்திருக்கும். வாயில் வரவில்லை. "கடைசி வரைக்கும் தெரிஞ்சது. ஆனா தட்டு போயிருச்சு. கை நழுவிருச்சு."

டிஜோ வங்கிக்காரர்களைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். ஏரி வெயிலில் அசையாமல் கிடந்தது. "தட்டு போச்சுன்னு யாராச்சும் சிவப்பு போடுவாங்களா செல்வி? எந்தா இது!"

என்ன சொல்வாள்? காற்றுக்கு ஒரு அளவு உண்டு, ஓட்டத்துக்கு ஒரு அளவு உண்டு, தெளிவுக்கும் உண்டு. அவள் பார்த்ததற்கு மட்டும் அந்த முறையில் ஒரு அளவும் இல்லை. மூன்றும் பச்சை. சட்டப்படி ஏரி பாஸ்.

பச்சைக் கொடி ஏறியது.

செல்வலட்சுமி தம்பியின் கையைப் பிடித்தாள். "மொட்டைக் கட்டைப் பக்கம் போவாத. கேக்குதா?"

"சரி."

"யார் கூப்பிட்டாலும் போவாத."

"அங்கன யாரு யக்கா என்னையக் கூப்பிடப் போறா? மீனா?" சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டினான். "எப்பா, என்ன இது, ஐஸ் மாதிரி இருக்கு!"

அவர்கள் போனார்கள். அவள் கரையிலேயே நின்றாள். ஆரஞ்சுப் புள்ளிகள் ஏரியில் சிதறின. சிரிப்புச் சத்தம் வந்தது. அரை மணி நேரம் வரை எல்லாப் புள்ளியும் அவள் கண்ணுக்குள் இருந்தன.

பிறகு மூடுபனி இறங்கியது.

மலையில் இது சகஜம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து முகடு பால் பொங்குவதுபோல வழிந்து ஏரியை மூடிவிடும். டிஜோ விசில் ஊதினார். விசில் கேட்டால் எல்லோரும் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படகாகப் பனியிலிருந்து வெளியே வந்து கரையை முட்டியது. ஆட்கள் நடுங்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொட்டகைக்குள் போனார்கள்.

"செல்வி, டீ!"

அவள் டீ ஊற்றப் போனாள். தட்டில் பதினாலு கிளாஸ். டிஜோ கொட்டகை வாசலில் எட்டிப் பார்த்தார். கொக்கி எல்லாம் நிறைந்திருந்தது.

"எல்லாரும் வந்தாச்சு" என்று கத்திவிட்டு, கொடியை இறக்கினார்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. டீயை நீட்டினாள். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்ரியா என்று ஒரு அம்மாள், கல்பாத்தியிலிருந்து வந்தவர், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நன்னா இருந்துது போ. உங்க தம்பிதான் பாவம். யாரோ ஒத்தர் விடாம அவர் பின்னாலேயே நீந்திண்டு வந்துண்டிருந்தார். அவரும் உங்க ஆளா? படகு தரப்படாதோ அவருக்கு?"

செல்வலட்சுமி குனிந்து தட்டைப் பார்த்தாள்.

ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது.

பாலில்லாத டீ. சுடலையுடையது. கரை ஏறியதும் முதல் கிளாஸை அவன்தான் பிடுங்குவான்.

"சுடலை?"



"படகு வந்துதே" என்றார் ஒரு வங்கிக்காரர். "ஒண்ணு தானா வந்து முட்டித்து. நான்தான் பிடிச்சுக் கட்டினேன். அவர் முன்னாடியே இறங்கிப் போயிட்டார்னு நினைச்சேன்."

அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

பதினாலு கொக்கி. பதினாலு ஜாக்கெட்.

கடைசியில் மஞ்சள் கயிறு முடிந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. டப். டப். டப்.

மூன்று பூட்டும் மாட்டியிருந்தன.

டிஜோவின் கூப்பாடு பின்னால் கேட்டது. அவள் படகைத் தள்ளிவிட்டிருந்தாள். பனிக்குள் துடுப்பின் நுனிகூடத் தெரியவில்லை.

"சுடலே..."



"எலே சுடலே..."

அப்போது கேட்டது.

டங்... டங்...

மரத்தில் தட்டு மோதும் சத்தம். எவர்சில்வர் தட்டு. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் படகுப் பலகையில் அதைத் தட்டித் தண்ணீர் உதறுகிறவள் அவள்தான்.

டங்... டங்...

சத்தத்தின் பின்னாலேயே போனாள். அது நின்று நின்று வந்தது. அவள் திசை தவறினால் வேகமாக வந்தது. திருப்பினால் அமைதியானது. யாரோ வழி காட்டுவதுபோல.

மொட்டைக் கட்டை ஒன்றின் தலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சுடலை கிடந்தான். வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே. உதடு நீலம். இரண்டு கையும் கட்டையில். அவன் எதையும் தட்டவில்லை. அவனிடம் தட்டே இல்லை.

அவள் அவனை இழுத்துப் படகில் போட்டதும் சத்தம் நின்றது.

கீழே பார்க்கவில்லை அவள். சத்தியமாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் பேசினான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"தண்ணிக்குள்ள ஒரு ஆள் யக்கா. பனியில மொகம் சரியாத் தெரியல. கைய நீட்டிட்டே வந்தான். ஜாக்கெட் ஜாக்கெட்டுன்னு கேட்டான். வேற ஒண்ணும் சொல்லல. முங்கப் போறானேன்னு கழட்டிக் குடுத்தேன். அம்புட்டுதான் தெரியும்."

"நீ எப்பிடி தண்ணியில விழுந்த?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கம்பளியைக் காலோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டான்.

ஒரு ஆள் மூழ்கியிருக்கிறான் என்று டிஜோ போலீசுக்குச் சொன்னார். அன்றிரவு கொட்டகையைப் போலீசே பூட்டியது. பதினாலு ஜாக்கெட்டும் உள்ளே. மறுநாள் காலை முக்குளிப்பவர்கள் வந்தார்கள். மொட்டைக் கட்டைகளுக்கு அடியில், ஏழெட்டு ஆள் ஆழத்தில், ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். நேற்று மூழ்கியவர் அல்ல. மாதக்கணக்காகக் கிடந்தவர். மிச்சம் அதிகம் இல்லை. கையில் ஒரு செம்பு வளையம். மடியில் செல்வலட்சுமியின் வெள்ளைத் தட்டு.

உடம்பில் ஆரஞ்சு ஜாக்கெட். மூன்று பூட்டும் மாட்டியிருந்தன. ஜிப்பில் ஈரமான மஞ்சள் கயிறு.

மிதவை ஜாக்கெட். ஆளை மிதக்க வைப்பதற்காகச் செய்தது. அது எப்படி அத்தனை ஆழத்தில் கிடந்தது என்று முக்குளித்தவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டையில் சிக்கியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள்.

செல்வலட்சுமி போய்க் கொட்டகையின் முன் நின்றாள். போலீஸ்காரர் பூட்டைத் திறந்தார். பதின்மூன்று ஜாக்கெட். கடைசிக் கொக்கி காலி.

ஜாக்கெட் பழையது, அதனால்தான் காப்பாற்றவில்லை என்று முடிவாயிற்று. அதோடு முடிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். பெயர் நல்லமுத்து. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரி. செம்பு வளையம் பற்றிப் பேப்பரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அப்போது சுடலை வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் காலுறையைக் கழற்றவே இல்லை. குளிர் என்பான்.

"ஏனுங்க அம்மணி, அது எங்க நிரஞ்சனுங்க" என்றார் நல்லமுத்து. "ஒடிசாக்காரன். போன பங்குனியில நாங்க பதினாலு பேரு இங்க டூர் வந்தமுங்க. மறுநாள்ல இருந்து அவனுக்கு லீவு. பூப்பாறையில பஸ் ஏறி அப்படியே ஊருக்குப் போறேன்னு சொல்லியிருந்தான். எங்களுது ரெண்டு ஜீப்பு. அந்த ஜீப்புல இருப்பான்னு இவங்க நெனைச்சாங்க, இந்த ஜீப்புல இருப்பான்னு அவங்க நெனைச்சாங்க. ஊருக்குப் போயிட்டான்னே இருந்துட்டமுங்க. ஊட்டுல இருக்கறவங்க வேலையில இருக்கான்னு நெனைச்சிருக்காங்க."

"இங்க யாரும் தேடலயா?"

"எதுக்குத் தேடறதுங்க? கொக்கி பூராவும் நெறைஞ்சிருச்சு, எல்லாரும் வந்தாச்சுன்னு கொடியை எறக்கிட்டாங்க." அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். ஜாக்கெட்டு போட்டிருந்தும் செத்துப்போனான்னு எழுதியிருக்காங்க. அது தப்புங்க."

"ஏன்?"

"அவன் ஜாக்கெட்டே போடலீங்க. நாங்க பதினாலு, வழி காட்டறவரோட பதினஞ்சு. இருந்தது பதினாலுதான். கடைசி ஜாக்கெட்டை வழி காட்டறவரு மாட்டிக்கிட்டாரு. நிரஞ்சன் மட்டும் மிச்சம். அவனுக்கு நீச்சலும் தெரியாது, தமிழும் வராது. கைய நீட்டி ஜாக்கெட், ஜாக்கெட்டுன்னு கேட்டுட்டே நின்னானுங்க. இன்னைக்குப் பச்சைதானே, ஜாக்கெட் எதுக்குன்னு அந்த ஆளு சொன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சமுங்க."

அந்த ஆள், ஜிஜி. அவன் போன் அன்றிலிருந்து இன்றுவரை அணைந்தே கிடக்கிறது.

நல்லமுத்து போன பிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் வாசலைவிட்டு நகர்ந்தது.

"யக்கா."

"ம்."

"அவன் கேட்டதும் நான் குடுக்கல."

அவள் திரும்பினாள்.

"மொதல்ல நானும் அதத்தான் சொன்னேன். இன்னைக்குப் பச்சதான, ஜாக்கெட் எதுக்குன்னு... வெளயாட்டாத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

சுடலை குனிந்தான். வலது காலில் கீழே இறங்கியிருந்த காலுறையை, கணுக்காலில் பதிந்திருந்த நீல விரல் தடம் தெரியாதபடி, மெல்ல மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.